மூட்டைக்குப் போட்ட முடிச்சு

என் மகள் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் ஆசிரியை. பிள்ளைகள் எதையும் தங்கள் கையால் செய்து படிக்க வேண்டுமாம். அவள் பள்ளியில் அதற்கென்றே ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். "நீங்க வந்து பூத்தொடுக்கச் சொல்லிக் கொடுங்கம்மா, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும் லா" என்றாள். முடியாது என்றேன். கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும். செய்து படிக்கிற படிப்பை நான் ஜப்பான்காரன் காலத்திலேயே படித்து முடித்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சிராங்கூன் சாலைப் பக்கம் எங்கள் பள்ளி. காலையில் ஜப்பானியப் பாட்டு, மற்ற நேரமெல்லாம் கைவேலை. சின்ன மரப்பலகைகளைத் தேய்த்து, ஓட்டை போட்டு, அன்னாசி நாரில் திரித்த கயிற்றைக் கோக்க வேண்டும். சரக்கு மூட்டைகளில் மாட்டும் எண் பலகை என்றார் வாத்தியார். நன்றாகச் செய்கிற பிள்ளைக்கு ஒரு குவளை அரிசி. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த காலத்தில் அரிசியைக் காட்டினால் கழுதைகூடப் பலகை தேய்க்கும்.

மற்றவர்கள் கட்டிய கயிறு அவிழ்ந்துகொண்டே இருந்தது. அப்பா பூக்கடைக்காரர்; எழுதப் பழகும் முன்பே சரம் தொடுக்கப் பழகியவள் நான். மல்லிகைக் காம்பைப் பிடிக்கிற அந்தச் சுருக்கை நாரில் போட்டேன். மூட்டை வாயில் நுழைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், இறுகிவிடும். வாத்தியார் இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்தும் பார்த்தார், அவிழவில்லை. வகுப்பு முழுவதும் என் முடிச்சையே போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பூ வாங்க ஆளில்லாததால் அப்பா கடையை மூடிவிட்டு வீட்டிலேயே ஒளிந்திருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லாரியில் பிடித்துப் போகிறார்கள் என்று பயம். நான் கொண்டுவரும் அரிசிதான் அவரை வெளியே போகாமல் காத்தது. அந்த அரிசியே அவரை உறுத்தவும் செய்தது.

"பன்னெண்டு வயசுப் புள்ள சம்பாதிச்சுப் போட, நான் உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன். வெக்கமா இருக்கு" என்றார் அம்மாவிடம்.

ஃபேரர் பார்க் திடலில் ஆண்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா தடுத்தும் கேட்காமல் அப்பா போனார். அரிசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திடலைச் சுற்றி லாரிகள்தான் நின்றன.

செய்தி வந்ததும் அம்மாவும் நானும் ஓடினோம். லாரியில் ஏறி நின்ற அப்பா எங்களைக் கண்டு கையை உயர்த்தினார். மணிக்கட்டில் எங்கள் பலகை. எல்லோர் கையிலும் எங்கள் பலகை. கயிறு சதையில் பதிந்திருந்தது. அப்பா முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரம் தொடுத்த கைக்குத் தெரியாதா? சிரித்தார்.

"கெட்டியாத்தான் போட்டிருக்க, கண்ணு. நல்லாப் படி."

மறுநாள் வாத்தியாரிடம் போய் அழுதேன். "மூட்டைக்குன்னுதானே சொன்னீங்க?" என்றேன். "எங்கிட்டயும் அப்படித்தாம்மா சொன்னாங்க" என்றார். அன்றைக்கும் கைவேலை வகுப்பு நடந்தது.

சண்டை முடிந்தபின் அதே லாரியில் போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அப்பா காய்ச்சலில் போய்விட்டதாக அவர்தான் சொன்னார். அம்மா அழுது ஓய்ந்ததும் வந்தவர் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். வளையமாகத் தழும்பு.

"மழையில நனைஞ்சா இன்னும் இறுகும், புண்ணு வெச்சிடும். உங்க வீட்டுக்காரருக்குக் கையே அழுகிப்போச்சு, அதுலதான் காய்ச்சல் வந்துச்சு. எந்தப் பாவி கத்துக்குடுத்த முடிச்சோ."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் பூத்தொடுத்ததில்லை.