தட்டிவானுக்குக் கிடைத்த C

“உமக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கேல்லையோ, இல்லாட்டி விளையாடத் தெரியேல்லையோ?”

நான் எழுதிக்கொண்டுபோன முதல் மதிப்புரையை வாசித்துவிட்டு ஆசிரியர் கேட்ட முதற்கேள்வி அது. நெல்லியடியில் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் மேல்மாடியில் அவருடைய அறை இருந்தது. கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் ஓர் இணைய இதழை அங்கிருந்துதான் நடத்தினார். பகலில் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிப்பார். மாலையில் இந்த அறை. எதைக் கையில் எடுத்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் வாசிப்பார். அங்கேதான் தீர்ப்பு இருக்கும். அன்றும் அப்படித்தான் வாசித்தார். பிறகு தாளின் மேற்புறமாக என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கடைசிக் கட்டம் வரைக்கும் விளையாடி முடிச்சனான் அண்ணை. முடிச்ச பிறகுதான் பிடிக்கேல்லை” என்றேன்.

சிரித்தார். கட்டுரையை எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் வெகுகாலம் நம்பவில்லை. அவருடைய இதழில் எனக்கு முன்னரே இரண்டு பெடியன்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்; பெண்பிள்ளை நான் ஒருத்திதான். விளையாடத் தெரியுமா என்று அவர்களிடம் அவர் கேட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர்கள் எல்லாவற்றுக்கும் A தரம் கொடுத்தார்கள், கேட்கத் தேவையில்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். குருநகரில் அப்பா கடலுக்குப் போகிறவர். அவரும் அம்மாவும் கையெழுத்து வைக்கும் அளவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் போனவர்கள். படித்து முடித்து யாழ்ப்பாண நகரில் கணினி திருத்தும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். திருத்திய கணினிகள் சூடேறுகின்றனவா, நின்றுபோகின்றனவா என்று பார்க்கப் பாரமான விளையாட்டுகளைப் போட்டு ஓடவிடுவது என் பொறுப்பு. மற்றவர்கள் ஓடவிட்டுவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். நான் இருந்து விளையாடினேன். எந்த இடத்தில் ஒரு விளையாட்டு என்னைப் பிடித்து இழுக்கிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது என்று கவனிக்கத் தொடங்கியது அங்கேதான்.

ஆசிரியரின் இதழில் புள்ளிகளுக்குப் பதிலாகப் பரீட்சைத் தரங்கள் இருந்தன. A, B, C, கடைசியாக மயிரிழையில் தேறும் S. நட்சத்திரம் போட்டால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது, பெறுபேறு என்றால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும் என்பார். அதுதான் சிக்கலும். C என்றால் பெறுபேற்றில் திறமைச் சித்தி. ஆனால் எங்கள் ஊர்களில் C எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு யாரும் இனிப்போடு வருவதில்லை. எனக்கே உயர்தரத்தில் இரண்டு C கிடைத்தன. நான் அவற்றை ஒளிக்கவில்லை. என் கையில் வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை C தான். ஒரு நல்ல யோசனை, உழைப்பு, சில இடங்களில் உண்மையான சந்தோசம், அதோடு சலிப்பூட்டும் நீளம், அவசரத்தில் ஒட்டிய முடிவு. இப்படிப்பட்டவற்றைப் பற்றி எழுதும்போதுதான் நான் அதிகம் அழித்து அழித்து எழுதினேன். புகழ்ந்த வசனம் பொய்யாகத் தோன்றும். குறை சொன்ன வசனம் தேவைக்கு மேல் கடுமையாகத் தோன்றும்.

“குறையை நடுவிலை வையும் பிள்ளை. தொடக்கமும் முடிவும் இனிப்பா இருந்தாக் காணும்” என்பார் ஆசிரியர். முதலில் அதை எழுத்தைப் பற்றிய ஆலோசனை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். பெரிய வெளிநாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு நான் S போட்டாலும் அவர் ஒரு சொல்லையும் தொடமாட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் செய்த சின்ன விளையாட்டு என்றால் என் வசனங்கள் இடம் மாறும். ‘சலிப்பு’ என்பது ‘நிதானம்’ ஆகும். அவர்களிடம் ஏதும் வாங்குகிறாரோ என்று சந்தேகித்தேன். எனக்குத் தெரிந்தவரையில் அவர் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தன் சம்பளத்தில்தான் இதழை நடத்தினார். எழுதியதற்கான காசை அன்றன்றே என் கையில் தந்தார். இருந்தும் ‘எனக்குத் தெரிந்தவரையில்’ என்பதைச் சேர்க்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

சென்ற ஆண்டு தென்மராட்சிப் பெடியன்கள் சிலர் ஒரு விளையாட்டைச் செய்தார்கள். தட்டிவான் ஓட்டும் விளையாட்டு. பக்கங்கள் திறந்த, பலகை இருக்கை போட்ட பழைய வான். ஆட்களையும் வாழைக்குலைகளையும் பலாப்பழங்களையும் ஏற்றிக்கொண்டு கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓட வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் செலவைப் பொறுப்பெடுத்திருந்தார். வெளியீட்டு விழாவில் அதைப் பற்றி நான் பேச வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். மதிப்பீட்டுரை என்றால் வருகிறேன் என்றேன். ஓம் என்றார். அழைப்பிதழ் வந்தபோது என் பெயருக்கு மேலே ‘நயவுரை’ என்று, நல்லதை மட்டும் சொல்லும் பேச்சாக, இருந்தது.

விளையாட்டை முழுதாக விளையாடினேன். ஓட்டுகிற உணர்வு அருமையாக இருந்தது. பாரம் ஏறினால் வான் பின்பக்கமாகக் குந்தும். வளைவில் ஒரு பக்கம் சரியும். மழைக்குப் பிறகு மணலில் சில்லு இழுபடும். அந்தப் பாரம் என் விரல்களுக்கு விளங்கியது. ஆனால் பாதிக்குப் பிறகு எல்லாப் பயணமும் ஒரே பயணம். பொதியை ஏற்று, பொதியை இறக்கு. இடையில் நிறுத்தினால் திரும்பவும் கொடிகாமத்திலிருந்து தொடங்க வேண்டும். முன் இருக்கையில் ஓர் ஆச்சி ஏறுவார். “மெல்ல ஓடு மோனை, வாழைக்குலை நசியுது” என்பார். முதல் தடவை சத்தமாகச் சிரித்தேன். குலை இல்லாத நாளிலும் அவர் அதையே சொன்னார்.

விழாவுக்குச் சில நாள்கள் முன்பு ஆசிரியர் அழைத்தார்.

“பிள்ளை, ஒரு நல்ல செய்தி. அவையள் உம்மை வேலைக்குக் கேக்கினம். விளையாடிப் பாத்துப் பிழை சொல்லுற வேலை. மாதச் சம்பளம்.”

“எப்ப கேட்டவை?”

“நேற்று. ஏன்?”

“விழா முடியக் கேட்டிருக்கலாம்.”

“உமக்கு ஆர் என்ன குடுத்தாலும் அதுக்குள்ளை ஊசி இருக்கோ எண்டு தடவிப் பாக்கிற குணம்” என்றார்.

அது உண்மை. ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதும் உண்மை. சோளகக் காற்றுக்குக் கடல் பொங்கி அப்பா வீட்டிலிருக்கும் மாதங்கள் எங்களுக்குத் தெரியும். அம்மா செய்தியைக் கேட்டதும் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். இதன் பிறகு என் C மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. விலைபோகவில்லை என்று காட்டுவதற்காகக் கடுமையாக இருக்கிறேனா? திரும்ப விளையாடினேன். திரும்பவும் அந்த ஆச்சியைப் பாதி வழியில் இறக்கிவிட வேண்டும்போலத்தான் இருந்தது.

சாவகச்சேரியில் ஒரு மண்டபம். புத்தக வெளியீடு போலவே எல்லாம் நடந்தது. மங்கள விளக்கேற்றினார்கள், தேவாரம் பாடினார்கள், ஆசியுரை நீண்டது. முதற்பிரதி வழங்கும் நேரம் வந்தபோது வெள்ளித்தட்டில் வெற்றிலைக்கு நடுவே ஒரு பென்டிரைவ் வந்தது. முதற்பிரதியைப் பெற்ற வர்த்தகர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். “ஐயா, கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ, மோதிரந்தான் தெரியுது” என்றார் படம் பிடித்தவர். எனக்கு முன் பேசிய மூவரும் விளையாட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. தங்கள் இளவயதுத் தட்டிவான் பயணங்களைச் சொன்னார்கள். மூவருமே ஒரே வசனத்தில் வந்து நின்றார்கள்: “எங்கடை பெடியள் செய்தது எண்டு பாக்கேக்கை, இது பெரிய சாதனை.”

அந்தப் ‘பாக்கேக்கை’ எனக்குப் பழக்கமான சொல். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பாடசாலைகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு தந்த பெரியவர் ஒலிவாங்கியில் சொன்னார்: “மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை எண்டு பாக்கேக்கை, நல்லாத்தான் எழுதியிருக்கிறா.” மண்டபம் கைதட்டியது. அம்மாவும் தட்டினார். நான் நன்றாக எழுதினேனா இல்லையா என்பது அன்று எனக்குத் தெரியாமலே போயிற்று. இன்றுவரை தெரியாது. உன்னிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்பதைப் புகழ்ச்சியாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் விளங்கியது.

மேடையில் முதலில் வானின் பாரத்தைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஓர் ஓட்டத்தைப் பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளிலும் நான் காணவில்லை என்றேன். அது உண்மையான பேச்சு. பிறகு இரண்டாம் பாதி, பொதிகள், ஆச்சி. ஆச்சியைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். குறையை நடுவில் வைக்கவில்லை. கடைசி வரியாக, என் தரம் C என்றேன்.

கைதட்டல் தொடங்கப்போய் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

“தங்கச்சி, உள்ளூர்ப் பெடியள் செய்தது எண்டு பாக்கேக்கை C காணாது.”

“அப்பிடிப் பாக்காமத்தான் ஐயா C குடுத்தனான். அப்பிடிப் பாத்திருந்தா A குடுத்திட்டு, வீட்டை போய் விளையாட்டை அழிச்சிருப்பன்.”

ஏற்புரையில் அந்தக் குழுவின் தலைவர் ஒலிபெருக்கிக்காரருக்கும் சாப்பாடு தந்தவருக்கும் நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். என் பேச்சைக் கேட்க வந்திருந்த அப்பா வாசலில் நின்றார். “நீ அவங்களை ஏசினியோ, புகழ்ந்தியோ எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா நீ கதைக்கேக்கை ஒருத்தனும் போனைப் பாக்கேல்லை” என்றார்.

தேநீரோடு தலைவர் என்னிடம் வந்தார். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். “எந்த இடத்திலை அலுப்புத் தட்டினது?” என்று கேட்டார். நக்கல் என்று நினைத்து, ஆச்சி முதலில் ஏறுகிற இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

“நாங்களும் அங்கைதான் களைச்சுப்போனம். ஆடி, ஆவணியிலை வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை ஆக்கள் லீவுக்கு வாறதுக்கு முன்னம் விடவேணும் எண்டு காசு தந்தவர் சொல்லிப்போட்டார். வேலைக்குக் கேட்டது கேட்டதுதான். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசித்தேன். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க இவர் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறார் என்றும் யோசித்தேன்.

மறுநாள் காலை இதழில் என் மதிப்புரை வந்திருந்தது. கடைசி வரியில் B. அதற்கு முன் நான் எழுதாத ஒரு வசனம்: ‘எங்கள் மண்ணின் முயற்சி என்று பார்க்கும்போது.’ ஆசிரியரை அழைத்தேன்.

“பெடியள் பாவம் பிள்ளை. நாங்களும் அடிச்சா, இனி ஆர் செய்யப்போறான்?”

“பேரை எடுத்துவிடுங்கோ அண்ணை.”

“ஆற்றை பேரை?”

“என்ரையை.”

“உமக்கு என்னிலை இன்னும் சந்தேகம்” என்றார். சில நிமிடங்களில் பெயர் போய்விட்டது, B இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெடியன்கள் சோர்ந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த B ஐ நம்பி வாங்குகிறவர் அந்த ஆச்சியை நாலாம் தடவை ஏற்றியதும் மூடிவைத்துவிடுவார். அடுத்த விளையாட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார். இப்போது அவருடைய இதழில் C என்ற எழுத்தே வருவதில்லை. நானும் நெல்லியடிப் பக்கம் போவதில்லை. எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, அந்த மதிப்புரையை நான் எழுதியபடியே அங்கே போட்டேன்.

சென்ற வாரம் தட்டிவானின் திருத்திய பதிப்பு வந்தது. காசு கொடுத்து வாங்கினேன். எந்தச் சந்தியிலும் நிறுத்தலாம், அங்கிருந்தே தொடரலாம். பொதிகளில் பாதி போய்விட்டது. ஆச்சி இப்போது சுகம் விசாரிக்கிறார், வெயிலைத் திட்டுகிறார், ஒரு பயணத்தில் ஒன்றும் பேசாமல் வந்து இறங்கிப் போகிறார். அந்தப் பயணத்தில் நான் வானை நிறுத்திவிட்டு அவர் ஒழுங்கைக்குள் நடந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் பனைமரம் இன்னும் பார்வையை மறைக்கிறது. ஆனாலும் இது B. தேடித் தேடிப் பார்த்தும் என்னால் அதைக் குறைக்க முடியவில்லை.

வேலைக்கான பதிலை அதுவரை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வேலையை எடுத்தால், சம்பளத்துக்காக B போட்டாள் என்பார்கள். நானே என்னைப் பற்றி அப்படி நினைப்பேன். அந்தப் பேச்சுக்குப் பயந்து C போட்டால், ஆசிரியர் செய்ததைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறேன். இரண்டு நாள் கடையில் வேலையே ஓடவில்லை.

நேற்று மத்தியானம் தலைவரை அழைத்து, வேலைக்கு வரவில்லை என்றேன்.

“ஏன், எங்களோடை கோவமோ?”

“இல்லை அண்ணை. பின்னேரம் என்ரை பக்கத்தை வாசிச்சுப் பாருங்கோ.”

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, கடைசி வரியில் B என்று போட்டுப் பதிவேற்றினேன்.