உடைய வேண்டிய பூச்சு

பூச்சு வேலைக்காரரான அவரை எல்லோரும் மெழுகு மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். விரிசலை மூடி முடித்ததும் வீட்டுக்காரரைக் கண்ணை மூடச் சொல்வார். "எங்க இருந்துச்சு, விரலை வச்சுக் காட்டுங்க பாப்போம்!" வீட்டுக்காரர் சுவரெல்லாம் தடவித் தோற்றுப்போனால் மேஸ்திரிக்கு அன்றைக்கு இரண்டு டீ. தலைக்கனம் கொஞ்சம் உண்டு, மறுப்பதற்கில்லை. அந்தக் கைக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அவருடைய அக்கா மட்டும் மசியமாட்டாள். "பூசி மெழுகுறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லடா" என்பாள். அது பாராட்டா குத்தலா என்று அறுபது வயதாகியும் அவருக்குப் பிடிபடவில்லை.

நிலம் குலுங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. நாற்பது வினாடிதான். அதற்குள் பக்கத்துத் தெருவில் மூன்று கட்டடங்கள் உட்கார்ந்துவிட்டன. கையிலிருந்த பூச்சுக் கரணையைக்கூடக் கீழே போடாமல் மேஸ்திரி அக்கா வீட்டுக்கு ஓடினார். அவள் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்து, அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

மூன்றாம் நாள் கட்டடங்களைச் சோதித்து வாசலில் தாள் ஒட்ட இன்ஜினியர் அம்மா வந்தார். குடியிருக்கலாம் என்றால் பச்சைத் தாள், கூடாது என்றால் சிவப்பு. அக்கா இருந்தது ஐந்து மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும். இன்ஜினியர் ஒவ்வொரு தூணாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தூண்ல ஒரு கீறல்கூட இல்ல. மேல சுவர்ல இருக்கிறது வெறும் பூச்சு விரிசல்தான்" என்று பச்சைத் தாளை எடுத்தார். எட்டுக் குடும்பமும் மூட்டையைத் தூக்கியது. முதல் ஆள் அக்கா.

மேஸ்திரி மட்டும் இன்ஜினியர் பக்கம் போனார். வாசலோரத் தூணில் ஆறு வருஷத்துக்கு முன்பே ஒரு விரிசல் இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்துக்காரர் சொல்ல, கம்பி வலை வைத்து மூடியது இவர்தான். அக்காவைக் கண்ணை மூடித் தடவ வைத்து ஜெயித்ததும் அதே தூணில்தான். வாயைத் திறந்தால் நாற்பது வருஷப் பெயர் போகும். திறக்காவிட்டால் அக்கா படியேறிவிடுவாள்.

"அம்மா, ஒட்டாதீங்க. அந்தத் தூண் நான் பூசினது. உள்ள விரிசல் இருக்கு. என் பூச்சுதான் அதை வெளிய காட்டாம பிடிச்சு வச்சிருக்கு."

அவரே உளியை எடுத்துத் தன் பூச்சை உடைத்தார். உள்ளே சாய்வாக ஒரு பிளவு, விரல் நகம் நுழையும் அளவுக்கு.

"மேல சுவர் இருக்கிறதால மாடியெல்லாம் ஒரே கட்டையா ஆடும்" என்றார் இன்ஜினியர். "கீழ சுவர் இல்லாததால மொத்த இழுப்பும் தூண் தலையில விழுது. போதாததுக்கு இது ஏரியை மூடின மண்ணு. இளகின மண்ணுல ஆட்டம் இன்னும் கூடும். பின்னாடி வர்ற அதிர்வை இந்தத் தூண் தாங்காது." சிவப்புத் தாளை ஒட்டினார்.

"ஆறு வருஷமா இதுக்கு மேலயாடா என்னைப் படுக்க வச்ச?"

"ஆமாக்கா. தப்புப் பண்ணிட்டேன்."

அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மைதானத்துக் கூடாரத்தில் அவருக்குச் சாப்பாடு மட்டும் தவறாமல் எடுத்து வைத்தாள்.

இன்ஜினியர் அவரை விடவில்லை. மூடிய இடமெல்லாம் காட்டச் சொன்னார். மேஸ்திரி சாக்பீஸோடு நாலு தெரு நடந்து தன் வேலையைத் தானே காட்டிக்கொடுத்தார். சிலர் ஏசினார்கள். ஒருவர் மட்டும் "அட, இங்கயா இருந்துச்சு!" என்று வாயைப் பிளக்க, அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமை வந்தது.

அப்புறம் முட்டுக் கொடுத்த தூண்களில் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை வைத்துத் தேதி எழுதச் சொன்னார் இன்ஜினியர். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

"ஒடையிற மாதிரியா? நானா?" என்றார் மேஸ்திரி. முதல் மூன்றை வழக்கம்போல இரும்பாகப் பூசித் திட்டு வாங்கினார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நிலம் மறுபடி ஆடியது. இன்ஜினியர் ஹெல்மெட்டோடு போய், வாசலோரத் தூணின் பட்டையை இரண்டு துண்டாகக் கொண்டுவந்தார். மேஸ்திரி அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உன் பூச்சு ஒடஞ்சிருச்சேடா" என்றாள். இத்தனை நாளில் முதல் பேச்சு.

"ஒடையத்தான்க்கா பூசினேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, உடைந்த விளிம்பை விரலால் தடவினாள்.

"தெரியுதுடா" என்றாள்.