மருதமுத்துவின் மூன்றாவது கை

1955ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் மருதமுத்துவின் வீட்டுப் பக்கவாட்டிலிருந்த ரம்புத்தான் மரத்தடிக்கு ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்திருந்த சாமானைப் பார்த்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்த அவன் மனைவி கோகிலா சட்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"இது என்னங்க?"

"காடி," என்றான் மருதமுத்து.

"காடியா? உள்ள கோழி உக்காந்திருக்கு."

உண்மைதான். பின் சீட்டுப் பஞ்சுக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் குலுங்கி வந்தும் அது எழுந்திருக்கவில்லை.

அது 1936ஆம் வருஷத்து மோரிஸ் எயிட். சின்னக் கார். நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரலாம். தெங்கெராவில் ஒரு நியோன்யா அம்மாளுக்கு, மலாய் பேசும் சீன வம்சத்துக்காரிக்கு, சொந்தமாயிருந்தது. ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்ளக் கூடாதென்று அவள் புருஷன் சக்கரங்களைக் கழற்றி ஒளித்துவிட்டு, உடலைக் கொல்லையில் தென்னோலைக்குள் மூடிவைத்தாராம். சண்டை முடிவதற்குள் அவர் இறந்துபோனார். பிறகு அது கோழிகளுக்கு வீடாயிற்று. அந்த அம்மாளின் தையல் மிஷினைப் பழுதுபார்க்கப் போயிருந்தபோது மருதமுத்து அதன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கண்டு அவளே மலாயில் சொன்னாள்: "உனக்குப் பிடிச்சிருந்தா தூக்கிக்கிட்டுப் போயிடு. சக்கரமெல்லாம் பரண்ல இருக்கு. கோழி மட்டும் என்னுது."

மூன்று வாரம் கழித்துக் கோகிலா தாய்க்கோழியையும் ஏழு குஞ்சுகளையும் ஒரு கூடையில் வைத்துத் திருப்பி அனுப்பினாள்.

மருதமுத்துவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இடது கால் பாதித் தொடையோடு நின்றுபோயிருந்தது. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஆலை இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவனை, 1943இல் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். அங்கே மூங்கில் கிழித்த ஒரு சிறு புண் எலும்புவரை போயிற்று. கொட்டகையில் படுக்கவைத்துக் காலை எடுத்தார்கள். சேர்ந்து போன பதினோரு பேரில் திரும்பி வந்தது அவனும் இன்னொருவனும்தான். அதைப் பற்றி அவன் பேசமாட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மரக்கால் உரசிப் புண்ணாக்கியதால் அதை அலமாரிக்குள் போட்டுவிட்டான். கால்சட்டையின் இடது பக்கத்தை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு, ஊன்றுகோலோடு நடந்தான். மிஞ்சியிருந்த தொடையைக் கட்டின மனைவிகூடப் பார்க்கும்படி விட்டதில்லை. அதற்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை. "அது வலிக்குது" என்பான், அவ்வளவுதான்.

இயந்திரம் மட்டும் அவனை விடவில்லை. திரும்பி வந்ததும் தையல் மிஷின் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டான். பஸ்ஸிலும் பேச்சா என்கிற மூன்று சக்கர வண்டியிலும் ஏறி, பையில் திருப்புளிகளோடு வீடுவீடாகப் போய்வந்தான். வேலைக்கு வாகனம் வேண்டுமென்று அவன் அந்தக் காரைக் கொண்டுவரவில்லை. ஓட வேண்டிய ஒன்று ஓடாமல் கிடப்பதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காரணம் அதுதான்.

இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மரத்தடியில் கழிந்தன. அடுத்த சந்தில் குடியிருந்த இப்ராஹீம் பாய் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாப்பிட்டுவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு வருவார். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். பிறகு, அவருடைய வெள்ளைச் சட்டை எல்லாம் எண்ணெய்க் கறையானது. மருதமுத்து ஒரு பலகையில் படுத்து, நல்ல காலால் உந்திக்கொண்டே காருக்கு அடியில் போவான். இன்ஜினை அக்கு அக்காகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார்கள். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டிவிட்டு மண்ணெண்ணெய் டின்னை விரித்து அடித்தார்கள். சீட்டுக்குக் கோகிலா கெக்காபு என்கிற இலவம் பஞ்சை அடைத்துத் தைத்தாள். அக்கம்பக்கத்துச் செட்டிக் குடும்பங்கள் பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசிப் பழகியவை, அவர்களுக்குத் தமிழ் வராது. அவர்கள் போகவர, "பிலா ஜாலான்?" என்று கேட்பார்கள். எப்போது ஓடும் என்று அர்த்தம். "மிங்கு டெப்பான்," அடுத்த வாரம் என்பான் மருதமுத்து. எழுபது, எண்பது வாரம் அதையே சொல்லியிருப்பான்.

1957இல் சீனப் புத்தாண்டு அன்று இன்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. இப்ராஹீம் பாய் தாமே நடுத்தெருவில் நின்று, "அது வெடியில்ல, எங்க காடி! எங்க காடி!" என்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரைச்சல் அடங்கியதும் பாய் கேட்டார்: "சரி முத்து, ஓட்டப்போறது யாரு?"

"நான்தான் பாய்."

அவர் அவனுடைய மடித்துக் குத்திய கால்சட்டையைப் பார்த்தார். உடனே பார்வையை இன்ஜின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிரேக்குக்கும் எண்ணெய் மிதிக்கவும் வலது கால் போதும். கிளட்ச்சுக்கு?"

"கையால அமுக்குவேன்."

அதையும் யோசித்து வைத்திருந்தான். கிளட்ச் மிதியோடு ஓர் இரும்புக் கம்பியைப் பிணைத்து, சீட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடியாக நிறுத்தினான். இடது கையால் கைப்பிடியைத் தள்ள வேண்டும், அது விலகாமல் ஒரு கொக்கியில் மாட்ட வேண்டும், அதே கையால் கியரை மாற்ற வேண்டும், பிறகு கொக்கியை விடுவிக்க வேண்டும். கிளேபாங் கடற்கரையோரத்து வெற்று மணல் திடலில் பாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகினான். சமதரையில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஜூலை மாதம் லைசன் சோதனைக்குப் போனான். மோட்டார் ஆபீஸ் அதிகாரி ஒரு மலாய்க்காரர். மீசையும் கஞ்சி போட்ட சட்டையுமாக இருந்தார். கம்பியையும் கைப்பிடியையும் குனிந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஊருக்குள் எல்லாம் சரியாகவே போயிற்று. புக்கிட் சீனா அருகே ஒரு மேட்டில், "நிறுத்து. இப்போ எடு," என்றார்.

மருதமுத்து கைப்பிடியைத் தள்ளிக் கொக்கியில் மாட்டினான், கியரைப் போட்டான். இனி கொக்கியை மெதுவாக விட வேண்டும், கைப்பிரேக்கையும் விட வேண்டும், ஸ்டியரிங்கையும் பிடித்திருக்க வேண்டும். ஒரு கணம் கை எதற்குப் போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. இன்ஜின் அணைந்தது. அவன் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் பின்னால் உருண்டு, ஒரு வேலியைச் சாய்த்துக்கொண்டு கால்வாயில் பின்சக்கரத்தை இறக்கிவிட்டது.

யாருக்கும் அடி இல்லை. அதிகாரி இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கோபமில்லாமல் சொன்னார்: "வண்டியை நல்லா செஞ்சிருக்கே. ஆனா உனக்கு ரெண்டு கைதான் இருக்கு. இதுக்கு மூணாவது கை வேணும். என்னால கையெழுத்துப் போட முடியாது."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அது மருதமுத்துவை அப்படித் தாக்கியது. வேலியைச் சரிசெய்து கொடுத்தான். காரைக் கித்தான் துணியால் மூடினான். அடுத்த மூன்று ஞாயிறும் வீட்டுக்குள்ளேயே இருந்தான். பாய் வந்தால், "தலைவலி" என்றான். ஒருநாள் சாப்பாடு போடும்போது கோகிலா, "மூடி வெச்சா மறுபடியும் கோழிதான் வரும்," என்றாள். அவன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

ஆகஸ்ட் மாதம் பிறந்தது. மாதக் கடைசியில் நாடு சுதந்திரம் பெறப்போகிறது. கடைகள் தோறும் கொடி, தோரணம். கிளேபாங்கில் பஷீரா என்ற பெண் ஐந்தாறு மிஷின் வைத்துத் தையல் நடத்திவந்தாள். பள்ளிக்கூடங்களுக்குக் கொடி தைக்கும் வேலை மலைபோல் குவிந்திருந்த நேரத்தில் அவளுடைய பெரிய மிஷின் நின்றுவிட்டது. ஆள் அனுப்பினாள்.

மருதமுத்து போய், ஊசித் தண்டில் சிக்கியிருந்த நூலை எடுத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தான். பஷீரா உடனே உட்கார்ந்துவிட்டாள். அவன் சாமான்களைப் பைக்குள் போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளை அவள் இரு கையாலும் இழுத்துப் பிடித்துத் தைத்தாள். ஓரம் வந்ததும் துணியைத் திருப்ப வேண்டும், அதற்குத் துணியை அமுக்கியிருக்கும் இரும்புப் பாதம் மேலே எழ வேண்டும். அவள் கை துணியைவிட்டு நகரவில்லை. மேசைக்கு அடியில் முழங்காலைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். அங்கே தொங்கிய கம்பி நகர, பாதம் எழுந்தது. காலை எடுத்தாள், இறங்கியது.

அந்தக் கம்பியை அவன் நூறு தடவையாவது கழற்றி மாட்டியிருப்பான்.

"என்னண்ணே, ஏதாச்சும் சத்தம் கேக்குதா மிஷின்ல?" என்றாள் பஷீரா.

"இல்லம்மா. இன்னொரு தடவை அந்த முட்டியத் தட்டு."

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். அவன் பையை மறந்துவிட்டுக் கிளம்பினான். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பஸ் நிற்குமிடம்வரை ஓடிவந்தாள்.

பஸ்ஸில் வரும்போது, மடித்த கால்சட்டைக்குள் மிஞ்சியிருந்த தொடையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தான். நகர்ந்தது. பக்கத்து இருக்கையைத் தள்ளிப் பார்த்தான். பலம் இருந்தது. பதினான்கு வருஷமாக அதனிடம் அவன் எந்த வேலையும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோகிலாவைக் கூப்பிட்டான். "ஒரு மெத்தை தைக்கணும். உள்ளங்கை ரெண்டு சேர்ந்த அகலம். தோல் வெச்சு."

"எதுக்கு?"

"இதுக்கு," என்று தொடையைத் தொட்டுக் காட்டினான்.

கோகிலா அளவு நாடாவை எடுத்துவந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கால்சட்டை ஊக்கைப் பிடித்தபடி தயங்கினான்.

"குத்துமதிப்பா தைச்சா போதும்."

"குத்துமதிப்பா தைச்சா உரசும். மரக்கால் மாதிரி இதையும் அலமாரிக்குள்ள போடுவீங்க. காட்டுங்க."

அவன் ஊக்கைக் கழற்றினான். கோகிலா முகத்தைச் சுளிக்கவில்லை. சட்டைக்கு அளவெடுப்பதுபோல நாடாவைச் சுற்றி இரண்டு எண்களைத் தாளில் எழுதினாள். "இந்த இடத்துல தழும்பு தடிச்சிருக்கு. அங்க கெக்காபு கூடப் போடறேன்," என்றாள். அவள் எழுந்து போன பிறகும் மருதமுத்து ஊக்கை மாட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

மறு ஞாயிறு கித்தான் விலகியது. பாய் கைப்பிடியையும் கொக்கியையும் கழற்றி எறிந்தார். தொடைக்கு இடப்பக்கம் மெத்தை. அதைத் தள்ளினால் ஒரு கம்பி சுழன்று கிளட்ச் மிதியை அமுக்கும். முதல் கம்பி வளைந்துபோயிற்று. இரண்டாவது பலமாக இருந்தது, ஆனால் தள்ள முடியவில்லை. பாய் பஸ் கம்பெனிப் பழைய இரும்புக் குவியலிலிருந்து நீளமான ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல பாதி பலம் போதும்," என்றார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. பாயும் கோகிலாவும் திடலுக்குப் போய் எல்லாம் பார்த்துவிட்டு, குரல் கம்மத் திரும்பி வந்தார்கள். பாய் காகிதக் கொடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்து கடைசி மரையை முடுக்கினார். மருதமுத்து இன்ஜினைக் கிளப்பி, தொடையை இடப்பக்கம் தள்ளினான். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. தொடையை மெல்லத் தளர்த்தினான். கார் ஊர்ந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. இத்தனை நாளும் வேண்டாத சுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது இப்போது ஒரு வாகனத்தையே நிறுத்துகிறது, நகர்த்துகிறது. கண் கலங்கியதில் எதிரே சந்து சரியாகத் தெரியவில்லை.

அக்டோபரில் மறுபடியும் அதே அதிகாரி, அதே மேடு. "நிறுத்து. இப்போ எடு."

கார் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறியது. அதிகாரி நம்பவில்லை. இன்னும் இரண்டு முறை நிறுத்தி எடுக்கச் சொன்னார். பிறகு குனிந்து மெத்தையையும் கம்பியையும் ஆராய்ந்தார்.

"யார் சொல்லிக் கொடுத்தது இதை?"

"தையல் மிஷின், துவான்."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இந்தக் காரை மட்டும் ஓட்டலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு மருதமுத்து பஸ் போகாத கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களுக்கெல்லாம் மிஷின் பார்க்கப் போனான். புக்கிட் காதில் என்ற ஊரிலிருந்து கலியாணசுந்தரம் என்பவர் ஒருநாள் தேடிவந்தார். மரம் விழுந்ததில் அவருக்கும் இடது கால் போயிருந்தது. மருதமுத்து கூச்சமே இல்லாமல் அவரை சீட்டில் உட்காரவைத்து, தன் தொடையைத் தட்டிக் காட்டி, எங்கே தள்ள வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும் என்று விளக்கினான். அவருடைய காருக்கான மெத்தையைக் கோகிலாதான் தைத்தாள்.

அந்த மெத்தையைத் தைத்து முடித்த அன்று அவள் கேட்டாள்: "ஏங்க, இந்தக் காடிய நான் ஓட்ட முடியுமா?"

"மெத்தை உனக்கு இடிக்குமே. உனக்கு ரெண்டு காலும் இருக்கே."

"அது என் தப்பா?"

மருதமுத்து சிரித்துவிட்டான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை கம்பியை அறுத்து நடுவில் ஒரு கீல் வைத்தான். மேலே மடித்துவிட்டால் மெத்தை ஒதுங்கிக்கொள்ளும், மிதியை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம்.

பிறகொரு மாலை, உஜோங் பாசிர் சாலையில் அந்தச் சின்னக் கார் முயல்போலத் துள்ளித் துள்ளிப் போனது. ஓட்டியவள் கோகிலா. பக்கத்தில் மருதமுத்து உட்கார்ந்து, "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அவனுடைய இடது தொடை தன்னையறியாமல் கதவைப் போய் அமுக்கியது.

"சும்மா வாங்க. எனக்குத் தெரியும்," என்றாள் கோகிலா, கடலைப் பார்க்காமல், சாலையை மட்டும் பார்த்தபடி.