ஷவ்கத்துக்குக் காற்று போதாது

எங்கள் கிளப்பின் பதிவேட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில், தலைவர் மேஜர் தௌகானின் தடித்த பேனா எழுத்தில் இப்படி இருக்கிறது:

"ஷவ்கத். வயது 63. தொழில்: மூக்குக்கண்ணாடிக் கடை. கிளப்பில் பத்தொன்பது ஆண்டுகள். நீருக்கடியில் காற்றை அளவு மீறிச் செலவழிப்பவர். துணையாகச் சேர்த்துவிடத் தகுந்தவர் அல்லர்."

ஆள் ஒல்லி. கடைவீதியிலிருந்து வைப்தே குன்றுக்கு ஏறும் படிக்கட்டில் இரண்டு கைகளிலும் பைகளோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிப் பேசியபடியே ஏறுவார், மூச்சு வாங்காது. மகன் தைமூரின் கல்யாணத்தில், தங்கள் செர்க்கேசிய இன வழக்கப்படி கால் நுனியில் நின்று ஒரு மணி நேரம் ஆடினார். அவரைவிட ஏழு வயது இளையவரான மேஜர் இரண்டாம் பாட்டிலேயே நாற்காலி தேடினார். இருந்தும் ஷவ்கத்துக்குக் காற்று போதாது என்பதில் கிளப்பில் யாருக்கும் ஐயம் கிடையாது. எழுதியே வைத்திருக்கிறதே.

அடுப்படிப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிக்கு எங்கள் ஊரில் ஷஃபாத் என்று பெயர். அவருக்கும் அதே பெயர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அம்மானிலிருந்து கடல் நான்கு மணி நேரத் தூரம். கடலே இல்லாத ஊரில் கடலில் முங்க ஒரு கிளப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடலோரத்துக்காரர்கள் மீனைத் தின்கிறார்கள்; அதைப் போய்ப் பார்த்துவிட்டு வர எங்களைப் போன்றவர்கள்தான் வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலை விட்டதும் வண்டி கிளம்பும். கத்ரானா தாண்டித் தேநீருக்கு நிற்கும் இடத்தில் மேஜர் இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுநாளைய ஜோடிப் பட்டியலைப் படிப்பார். நீருக்கடியில் யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேர்தான் என்பது விதி. ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வந்தாக வேண்டும் என்பதும் விதி. ஆகவே ஷவ்கத்தோடு ஜோடி சேர்ந்தால், பத்தாவது நிமிடத்தில் உங்கள் கடலும் முடிந்துவிடும் என்பது பேச்சு. கல்யாணத் தரகர் வாயைப் பார்ப்பதுபோல் எல்லோரும் மேஜரின் வாயைப் பார்ப்பார்கள். தன் பெயர் தப்பியதும் பல் டாக்டர் ஹனாதி விடும் பெருமூச்சு பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்.

"என்ன டாக்டர், இவ்வளவு காத்தை இங்கயே விட்டுட்டீங்களே" என்பார் ஷவ்கத். "நாளைக்கு எனக்கு உதவுமில்ல?"

யாருக்கும் வேண்டாதவரைப் புதிதாய்ச் சேர்ந்தவர்களோடு சேர்த்துவிடுவது மேஜரின் வழக்கம். புதியவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். இதனால் ஷவ்கத்துக்கு ஆண்டு முழுக்கப் புதியவர்கள்தான் வாய்த்தார்கள்.

கீழே பேச முடியாது, கைதான் பேசும். கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினால் 'மேலே போவோம்' என்று பொருள். காட்டியவரிடம் கீழே ஏன் என்று கேட்கக் கூடாது. கரையில் கேட்கலாம். எங்கள் கரையில் கேட்காமல் விட்டதே கிடையாது. முதலில் மேலே வந்தவர்தான் மதியத்துக்குத் தக்காளி கிளற வேண்டும் என்பது கிளப்பின் வழக்கம். பெரிய வாணலியில் ஒலிவ எண்ணெயும் பூண்டும் பச்சைமிளகாயும் தக்காளியும் கொதிக்க, சுற்றி உட்கார்ந்து ரொட்டியால் வழித்துத் தின்றபடி மேஜர் விசாரணையைத் தொடங்குவார். ஒரு பொறியாளர் ஆமையைக் கண்டு பயந்து மேலே வந்துவிட்டதாக இந்த வாணலி முன்னால்தான் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அவர் 'ஆமை'. வண்டியில் ஆமைக்கு இடம் போடு, ஆமைக்கு ரொட்டி போடு என்று ஆறு மாதம் ஓட்டினோம். ஏழாம் மாதம் அவர் கிளப்புக்கே முழுக்குப் போட்டுவிட்டார்.

ஷவ்கத்தை விசாரிக்கத் தேவையே இருந்ததில்லை. தலை நீருக்கு மேல் வந்ததும் தானாகவே அறிவித்துவிடுவார்: "மன்னிக்கணும், என் காத்துதான் தீந்துபோச்சு." பிறகு நேரே வாணலிக்குப் போவார். கிளப்பில் அவர் தக்காளிக்கு ஈடு கிடையாது. பழக்கம்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில், தெற்கே ஒரு மூழ்கிய கப்பலைப் பார்க்க இரண்டு நாள் படகுப் பயணம் ஏற்பாடாயிற்று. இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். மேஜர் புது விதி கொண்டுவந்தார்: கடைசி இருபது முழுக்குகளின் சராசரி முப்பத்தைந்து நிமிடமாவது இருக்க வேண்டும், துணையாக வந்தவரால் முழுக்கு பாதியில் நின்றிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். செப்டம்பர்ப் பயணத்தின் முடிவில் எல்லோருடைய முழுக்கு ஏடுகளையும் வாங்கிச் சரிபார்ப்பது, செயலாளர் என்ற முறையில் என் வேலை.

அந்தக் கப்பலுக்காக ஷவ்கத் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தார். அதன் தளத்தில் ஒரு குளியல் தொட்டி அப்படியே இருக்கிறதாம். உள்ளே ஒரு களவா மீன் குடியிருக்கிறதாம். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றும் தள்ள முடியாது. அவர் இதயத்துக்குத் தகுதிச் சீட்டு எழுதித் தரும் டாக்டர், அவருடைய கடையின் வாடிக்கையாளர்தான். "இந்த வருஷம் பழைய கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உங்க ரிப்போர்ட்டைப் படிச்சேன். அடுத்த வருஷம் புதுசு போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டாராம்.

செப்டம்பர்ப் பயணத்தில் ஷவ்கத் வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்; கிளப்பில் என்னை 'உஸ்தாத்', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். "உஸ்தாத், என் சராசரி முப்பத்தாறு. நாளைக்குப் பழைய ஐம்பது நிமிஷ முழுக்கு ஒண்ணு கணக்கைவிட்டுப் போயிடும்; அதுக்குப் பதிலா ஒரு நாற்பது நிமிஷம் கீழ இருந்துட்டா போதும். மேஜர்கிட்ட சொல்லி யாராவது பழைய கையாப் போடச் சொல்லுங்களேன்."

சொன்னேன். மேஜர் தலையாட்டிக் கேட்டார். தேநீர்க் கடையில் பட்டியலைப் படித்தபோது வழக்கம் தலையாட்டலை வென்றுவிட்டது: "ஷவ்கத், ருபா."

ருபா வங்கியில் வேலை பார்ப்பவள். கிளப்பில் சேர்ந்து மூன்று வாரம். அவள் காதில் விழும்படியே ஹனாதி சொன்னாள்: "கவலைப்படாதம்மா, காலைல பசியாற நேரத்துக்கே கரைக்கு வந்துடுவ."

வெள்ளிக்கிழமை காலை கரைக் காவல் எனக்கு. கையில் கடிகாரமும் பெயர்ப் பலகையும். ஆறு ஜோடிகள் இறங்கின. பதினோராம் நிமிடத்தில் இரண்டு தலைகள் எழுந்தன. ருபாவின் முகம் மாவாய் வெளுத்திருந்தது. முகக் கண்ணாடியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, இருமிக்கொண்டே என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"மன்னிக்கணும், உஸ்தாத்" என்று அவளை முந்திக்கொண்டார் ஷவ்கத். "என் காத்துதான் தீந்துபோச்சு. பாவம், இந்தப் பொண்ணுக்கு நல்ல முழுக்கு ஒண்ணு வீணாப்போச்சு. ருபா, பூண்டு உரிக்கத் தெரியுமா?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பூண்டு உரிக்கப் போனாள்.

மதியம் வாணலியைச் சுற்றி ஒரே சிரிப்பு. "பதினோரு நிமிஷமா!" என்றார் மேஜர். "என்ன ஷஃபாத், முதுகுல சிலிண்டர் மாட்டினீங்களா, சிகரெட் லைட்டர் மாட்டினீங்களா?"

"அக்டோபருக்கு இவரைக் கூட்டிட்டுப் போனா, கப்பல்ல மிச்சமிருக்கிற காத்தையும் உறிஞ்சிடுவாரு" என்றாள் ஹனாதி.

"உப்பு சரியா இருக்கா, அதைச் சொல்லுங்க" என்றார் ஷவ்கத்.

அவர்கள் தின்றுகொண்டிருக்க, நான் நிழலில் உட்கார்ந்து ஏடுகளைப் புரட்டினேன். முழுக்கு ஏட்டில் தேதி, ஆழம், நேரம், தொடங்கும்போது மீட்டர் காட்டிய காற்று, முடியும்போது காட்டியது எல்லாம் எழுதித் துணையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மீட்டர் இருநூறில் தொடங்கும். ஐம்பதுக்கு இறங்கினால் காற்று தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். ஷவ்கத்தின் கையெழுத்து கண்ணாடிக்கு நம்பர் எழுதுவதுபோல் தெளிவாக இருந்தது. அன்று காலை: பதினோரு நிமிடம், தொடக்கம் இருநூறு, முடிவு நூற்று எழுபது. குறிப்பு: 'ஒரு சிங்க மீன்.' கையெழுத்து: ருபா.

தவறாக எழுதிவிட்டாரோ என்று முந்தைய பக்கத்தைப் பார்த்தேன். ஜூன்: பதின்மூன்று நிமிடம், முடிவு நூற்று அறுபத்தைந்து. அதற்கு முன், ஒன்பது நிமிடம், நூற்று எழுபத்தைந்து. பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். பாதிக்குக் கீழே இறங்காத மீட்டரோடு மேலே வந்த முழுக்குகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்குக் கீழும் ஒரு கையெழுத்து. ஹனாதியுடையது இரண்டு முறை. பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மார்ச்சில், பன்னிரண்டு நிமிடத்துக்குக் கீழே, தடித்த பேனாவில் மேஜர் தௌகான். அப்போதுதான் ஓய்வுபெற்றுக் கிளப்பில் சேர்ந்திருந்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கத்தில் என் கையெழுத்து. அது எனக்கு மறக்கவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது, கட்டைவிரலைக் காட்டினேன், மேலே வந்ததும் அவர் தன் காற்று தீர்ந்துவிட்டது என்றார். ஏதோ என் ஒருவனுக்காக ஒரே ஒரு முறை சொன்ன பொய் என்று நினைத்திருந்தேன். மற்ற நாட்களில் அவருக்கு உண்மையிலேயே காற்று போதாது என்று நம்பி, மற்றவர்களோடு சேர்ந்து எட்டு ஆண்டு சிரித்தேன். நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், ஆளுக்கொரு இரகசியத்தோடு அந்த வாணலியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்திருக்கிறோம். சத்தமாகச் சிரித்தவர்களின் கையெழுத்துதான் ஏட்டில் பெரிதாக இருந்தது.

கடற்கரை ஊரான அகபாவில் சிலிண்டரில் காற்று நிரப்பித் தரும் கடைக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உங்க கிளப்ல ஒருத்தர் எப்பவும் முக்கால்வாசிக் காத்தோட சிலிண்டரைத் திருப்பிக் குடுக்கறார்." பக்கத்திலிருந்த மேஜர், அடக்கத்தோடு, "அது நான்தான்" என்றார்.

ஏட்டை எடுத்துக்கொண்டு மேஜரைத் தனியே வண்டிப் பக்கம் அழைத்துப்போனேன். மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். படித்தார். ஷவ்கத் கடையில் செய்த தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இதை யார் யார் பாத்தது?"

"நான். இப்ப நீங்க."

"உங்க கையெழுத்து?"

"இன்னும் நாலஞ்சு பக்கம் தள்ளி."

"விலாங்கு மீன், உஸ்தாத்" என்றார் மேஜர். "என் தொடை மொத்தம் இருந்துச்சு."

"நான் கேக்கலையே."

விதியைச் சொல்லி ஷவ்கத்தைச் சேர்ப்பதென்றால், கடைசி இருபதில் இப்படி வந்தவற்றைத் துணையால் நின்றவை என்று அறிவித்து ஏட்டைத் திறந்து காட்ட வேண்டும். அறிவித்தால் நாற்பத்தொன்றும் வெளிவந்து, வாணலி முன்னால் பாதிக் கிளப் ஆமையாகிவிடும். அறிவிக்காவிட்டால் ஷவ்கத்தின் சராசரி முப்பத்து நான்கு. மேஜர் ஏட்டை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு வாணலியிடம் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"அந்தச் சராசரி விதி சரியா வரல. எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா, யாருக்காவது துணை கிடைச்சா அவங்க வரலாம். ஷவ்கத்துக்குத் துணையா யாராவது வர்றீங்களா? இல்லேன்னா நானே..."

"நான் போறேன்" என்றாள் ஹனாதி, வாயில் ரொட்டியோடு.

"நானும்" என்றார் இந்தப் பக்கமிருந்து ஒருவர். அந்தப் பக்கமிருந்து இன்னொருவர். அப்புறம் இரண்டு பேர் ஒரே நேரத்தில். கைதூக்கியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். வாணலியைச் சுற்றி முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஹனாதிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவே இல்லை.

ஷவ்கத்துக்குத்தான் சங்கடம். "என்ன இது, எல்லாருக்கும் ஒரே சமயத்துல பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கரண்டியைக் கீழே வைத்தார். என் கையில் ஏட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

மாலையில் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றும்போது, ஷவ்கத்தை மகன் பெயர் சேர்த்து மரியாதையாக அழைத்துக் கேட்டேன். "அபு தைமூர், ஏட்டுல மட்டும் ஏன் உள்ளதை எழுதினீங்க?"

"எழுதறதுல பொய் எழுதிப் பழக்கமில்ல. ஒருத்தர் கண்ணுக்குத் தப்பா நம்பர் எழுதினா அவர் படியில விழுந்துடுவார், உஸ்தாத்."

"ஏன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கீங்களா?"

"கடைக்கு வந்து கண்ணு தெரியலைங்கறவர்கிட்ட, ஏன்யா தெரியலைன்னா கேக்க முடியும்?" என்றார். அடுத்த சிலிண்டரைத் தூக்கியபடி, "அதுல ரெண்டு பேர் பயப்படவே இல்ல, தெரியுமா? புதுசு பாருங்க. ஏதோ மீனைப் பாத்துட்டுப் பிரமாதம்னு கட்டைவிரலைக் காட்டிட்டாங்க. மேல கூட்டிட்டு வந்துட்டேன். விதின்னா விதிதானே?"

அக்டோபரில் அந்தக் கப்பலில் ஷவ்கத்தும் ஹனாதியும் ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தார்கள். குளியல் தொட்டி இருந்தது. களவா மீனும் இருந்தது. எல்லோருக்கும் கடைசியாக மேலே வந்தார்கள். அன்று தக்காளி கிளறியது மேஜர்; அடிப்பிடித்துவிட்டது. இருவரில் காற்று முதலில் தீர்ந்தது ஹனாதிக்குத்தான், அவள் மீட்டரை நானே பார்த்தேன். படகேறியதும் அவள் உரத்த குரலில் சொன்னாள்: "மன்னிக்கணும், ஷஃபாத்தோட காத்து தீந்துபோச்சு!" படகு முழுக்கச் சிரித்தது. ஷவ்கத் தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டார்.

ருபா இப்போதும் வருகிறாள். பூண்டு உரிப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். நாற்பது நிமிடம் கீழே இருக்கிறாள். பதிவேட்டை மட்டும் மாற்ற வேண்டாம் என்று ஷவ்கத் கேட்டுக்கொண்டார். தனக்குக் காற்று போதும் என்று தெரிந்துவிட்டால் புதியவர்களைத் தன்னோடு சேர்க்க மாட்டார்கள் என்பது அவர் கவலை. ஆகவே முப்பத்தொன்றாம் பக்கம் எழுதியபடியே இருக்கிறது.

ஷவ்கத் நாற்பத்தொரு முறை, சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருக்க, கட்டைவிரல் காட்டியவரோடு மேலே வந்து, தீர்ந்தது தன் காற்று என்று சொன்னார்.