சர்டிபிகேட் பிறந்தநாள்

கேக் என்பது தின்கிற பொருள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிறந்தநாள்காரரை நடுவில் நிறுத்துவார்கள். ஒரு துண்டு வெட்டச் சொல்வார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு கைகள் மிச்சக் கேக்கை அள்ளி அவர் முகத்தில் அப்பிவிடும். மூக்குத் துவாரத்தில் கிரீம், இமையில் கிரீம், காது மடலில் செர்ரிப் பழத்தின் சிவப்பு. பிறகு அந்த முகத்தை ஒட்டி நின்றுகொண்டு ஆளாளுக்கு போட்டோ எடுப்பார்கள். அந்தக் கைகள் சற்று முன்பு எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். ஒன்று கீபோர்டில் இருந்தது, இன்னொன்று மூக்கில் இருந்தது. மாதாமாதம் வட்டி கட்டி கார் வாங்குகிற, பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற பெரிய மனிதர்கள் இவர்கள். இந்த அசிங்கத்துக்கு டீம் பாண்டிங் என்று பெயர் வேறு.

நான் சட்டென்று முகம் சுளிக்கிறவள்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சேவாடிக்குப் போகும் கம்பெனி கேபில் என் பக்கத்தில் உட்காருகிற ஆசாமி, வண்டி பாலத்தடியில் நின்றால் போதும், நகவெட்டியை எடுத்துவிடுவார். டிராஃபிக் நகருவதற்குள் பத்து விரலும் முடிந்துவிடும். ஒரு துண்டு என் துப்பட்டாவில் வந்து விழுந்தபோது "சாரி" என்றார், எடுத்துப் போடவில்லை. வீட்டில் என் கணவர் ஷேவ் செய்த முடியை வாஷ்பேசினிலேயே விட்டுவிட்டுப் போவார். தண்ணீர் ஊற்றிவிடக் கூடாதா என்று கேட்டால், "உனக்கு எல்லாமே கந்தாதான்" என்பார். அழுக்கு என்பதற்கு இதே ஊரின் கட்கிப் பகுதியில் வளர்ந்த தமிழர்களான எங்கள் இருவர் வாயிலும் அந்த இந்திச் சொல்தான் முதலில் வரும்.

ஆனால் கேக் விஷயத்தில் எனக்கு அருவருப்போடு பயமும் இருந்தது. மகள் பிறந்த மறு வருடம் என் உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. பிறகு அது பெரிதாகி, இடது கண்ணைச் சுற்றியும் வந்தது. தோல் டாக்டர் நிறம் போவது தவிர வேறு ஒன்றும் இல்லை, ஒட்டாது, பயப்படாதீர்கள் என்றார். எங்கள் ஜனங்களிடம் டாக்டர் பேச்சு எடுபடுமா? வெண்குஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என் கணவர் அன்று கிளினிக் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் தெரிய வேணாம். நாலு பேரு நாலு விதமா பேசினா நீ தாங்கமாட்ட. உனக்காகத்தான் சொல்றேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு புருஷன் வாய்ப்பான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து காலையில் பல் விளக்கியதும் முதல் வேலை, என் தோலின் நிறத்துக்குச் சரியான கன்சீலரைப் பூசி, அதன் மேல் பவுடரை ஒற்றி, கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பது. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கட்கி பஜாரில் இருக்கும் என் மாமியாருக்குக் கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கையால் சாப்பிட்டுவிட்டு, பூசிய முகத்தோடே திரும்புவேன்.

ஆகவே இந்த டீமுக்கு மாறியதும் என் முதல் கவலை, என் பிறந்தநாளன்று ஆபீஸ் பக்கமே போகக் கூடாது என்பதுதான். நான் நவம்பரில் பிறந்தவள். போன நவம்பரில் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். மறுநாள் போனால் ஒருவரும் வாழ்த்தவில்லை, கேக் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு கண்டம் கழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

தனக்கு இரண்டு பிறந்த தேதி இருப்பதையே மறந்துபோகிற முட்டாள்தனம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வாய்க்கும். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வயது சில மாதம் குறைகிறது என்றிருக்கிறார்கள். அப்பா யோசிக்கவே இல்லை. பள்ளி திறக்கும் மாதத்தையே என் பிறந்த மாதமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எங்கள் குவார்ட்டர்ஸில் பாதிப் பிள்ளைகள் இப்படி ஜூனில் பிறந்தவர்கள்தான். பாஸ்போர்ட், பான் கார்டு, வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்தத் தேதியைக் கை தானாக எழுதிவிடும். ஆனால் அது சர்டிபிகேட் தேதி. வீட்டில் அன்றைக்குப் பாயசம் கிடையாது, புதுத் துணி கிடையாது. அதை என் பிறந்தநாள் என்று நான் ஒரு முறை கூட நினைத்ததில்லை. கம்பெனி கம்ப்யூட்டருக்கு என் நவம்பரைப் பற்றி என்ன தெரியும்?

அந்த ஜூன் நாளில் மழை கொட்டியது. ஹிஞ்சேவாடி ரோடெல்லாம் குளமாகி, கேப் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. மத்தியானம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தான். என்னைவிட வயதில் சின்னவன். ஆபீஸில் ஒரு குடும்பமாக இருக்கிறோம் என்பதை வாரம் ஒரு முறையாவது இங்கிலீஷில் சொல்லிவிடுவான். பிராஜெக்ட் நல்லபடியாக முடிந்ததற்காக சாயங்காலம் பானேர் பக்கம் ஒரு ஓட்டலில் டின்னர், கட்டாயம் வர வேண்டும், சாக்கு சொல்லக் கூடாது என்றான். எனக்கு இந்த டின்னர்களே பிடிக்காது. ஒருவர் தட்டில் இன்னொருவர் கை, ஒரே ஸ்ட்ராவில் மூன்று வாய், ஸ்பீக்கர் சத்தத்தில் காதுக்குள் எச்சில் தெறிக்கப் பேச்சு. இருந்தாலும் போன மாதமும் கழன்றுகொண்டோமே என்று தலையாட்டினேன்.

ஓட்டலில் பிசுபிசுத்த மெனுவைத் தொட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது விளக்கை அணைத்தார்கள். மெழுகுவர்த்தியோடு ஒரு சாக்லேட் கேக் வந்து என் முன்னால் நின்றது. அதில் என் பெயர். ஒரு நொடி எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "சர்ப்ரைஸ்!" என்று எல்லாரும் கத்தியபோதுதான் இன்றைக்கு என்ன தேதி என்பது உறைத்தது. எழுந்து ஓடப் பார்த்தேன். பின்னால் சுவர், இரண்டு பக்கமும் ஆட்கள்.

"முகத்துல வேணாம், ப்ளீஸ், அலர்ஜி இருக்கு" என்று இந்தியில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன். இப்படிக் கெஞ்சுவதும் விளையாட்டில் ஒரு பகுதி என்று அவர்களுக்கு எண்ணம். மேனேஜர்தான் முதலில் அள்ளினான். ஜில்லென்ற அந்தக் கிரீமோடு அவனுடைய உள்ளங்கை நெற்றியிலிருந்து மோவாய் வரை இறங்கியது. பிறகு மற்றவர்கள். இனிப்பும் வியர்வையும் யாரோ தின்ற வெங்காயமும் சேர்ந்த நாற்றம் என் வாய்க்குள் போயிற்று. என் பக்கத்தில் இருந்த பெண் நல்லவள். சிரித்துக்கொண்டே ஈர டிஷ்யூவால் என் கண்ணைத் துடைத்தாள், வாயைத் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள். அப்புறம் அவள் கை நின்றது.

சிரிப்பும் ஒவ்வொருவராக நின்றது. எதிரே தூக்கிப் பிடித்திருந்த போன்களை மட்டும் யாரும் இறக்கவில்லை.

நான் வாஷ்பேசினுக்குப் போனேன். ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவாக வெளியே வரிசையாக இருந்த பேசின்கள். எனக்கு முன்னால் மேனேஜர் அங்கே நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "யே... ஃபைல்தா தோ நஹி?" என்று கேட்டான். இது பரவாதுதானே என்று கேட்கிறான்.

"நஹி" என்றேன்.

"நஹி நஹி, சும்மாதான் கேட்டேன்" என்று இந்தியில் இழுத்துவிட்டு, சோப்பை இன்னொரு தடவை அமுக்கினான். விரல் இடுக்கு, நக இடுக்கு, மணிக்கட்டுக்கு மேலே வரை தேய்த்தான். என்னைக் கேட்காமல் என் முகத்தில் கை வைத்தவன் அவன். அவன் கை பட்டதற்கு நானல்லவா கழுவ வேண்டும்? அவன் நகரும் வரை காத்திருந்து, மிச்சமிருந்த பூச்செல்லாம் போக முகத்தை நன்றாகக் கழுவினேன். இனி எதை மறைப்பது? திரும்பிப் போய் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். அன்றைக்கு என் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. எல்லாரும் மழையைப் பற்றி ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லி அழ வேண்டும். அவர் அந்த மேனேஜரைக் கண்டபடி திட்டுவார், நான் இன்னும் கொஞ்சம் அழுவேன், சரியாகிவிடும்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்து, எனக்குப் பின்னால் இருந்த வராந்தாவைப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"அரே, இப்படியேவா வந்த? லிஃப்ட்ல யாராச்சும் இருந்தாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். கேக், டிஷ்யூ, சோப்பு எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"போட்டோ எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"ஸ்டேட்டஸ்ல போட்ருப்பாங்களே. என் சித்தப்பா பையன் உங்க பில்டிங்லதான வேல பாக்கறான்? அவன் கண்ணுல பட்டா அம்மாவுக்குப் போயிடும். அப்புறம் கட்கி முழுக்க, பையனுக்கு எப்படிப்பட்ட பொண்ண கட்டிவச்சிட்டாங்கன்னு பேசுவாங்க. என் தங்கச்சிக்கும் மாப்பிள்ள பாத்துட்டிருக்கோம். நீ நாளைக்கு சுட்டி போட்டுடு."

சுட்டி என்றால் லீவு.

"இத்தன வருஷமா எனக்காகத்தானே மறைக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உனக்காகவும்தான்" என்றார்.

யோசிக்காமல்தான் சொன்னார். சொன்னதும் சோபாவில் உட்கார்ந்து, சித்தப்பா மகனின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மேனேஜர் ஒரு சாயங்காலம் சோப்புப் போட்டான். இந்த மனிதர் எத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்? அழுகை வரவில்லை. உள் அறையிலிருந்து ஓடி வந்த மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளையாக இருந்த இடத்திலேயே முத்தம் கொடுத்தாள். அவர் போனிலிருந்து தலை தூக்கி, "அம்மாவ விடு, போய் முகத்த சரி பண்ணிட்டு வரட்டும்" என்றார்.