கழற்றாத ஸ்வெட்டர்

சீப்பக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கடையின் முன்பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதும் அவளுடைய தம்பிக்கு, உள்ளே சத்தம் குறைந்தால்தான் பயம். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை அது. ஒரு தொட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, சூடான காற்றடிக்கும் மெஷின் இரண்டு, சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டிய பதினாறு சீப்புகள். அந்தச் சீப்புகளை வேறு யாரும் தொடக் கூடாது. தெருவில் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

கடை வைப்பதற்கு முன் பதினொரு வருடம் ஒரு கம்பளி ஆலையில், நனைக்கும் பிரிவில் இருந்தாள். தறியிலிருந்து வரும் துணியை வெந்நீரில் முக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு, இழை தனித்தனியாகத் தெரியாத அளவுக்குத் தேய்த்துப் பிணைய வைக்கும் வேலை. ஆலையை மூடியபோது வயது நாற்பது. பக்கத்து வீட்டு நாய்க்குச் சும்மா முடி வெட்டிவிட்டாள். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. எந்த நாய்க்கு என்ன முடி, எது எப்போது வளரும், எங்கே சிக்கும் என்பதையெல்லாம் விரலால் தடவியே தெரிந்துகொண்டாள்.

அவள் அதிகம் சண்டை போட்டது பூடில் என்ற சுருள்முடி நாய் வளர்ப்பவர்களோடு. குளிர் தொடங்கும்போதுதான் வருவார்கள். தினமும் சீவி மாளவில்லை, ஒட்ட வெட்டிவிடுங்கள் என்பார்கள். அவளும் ஒவ்வொருவரிடமும் அதே பாட்டைப் பாடுவாள். குளிருக்குப் பழகிய பல நாய்களுக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல இன்னோர் அடுக்கு உண்டு. பூடிலுக்கு அது கிடையாது. இருப்பது ஒரே அடுக்கு. சுருள் சுருளாக நிற்கும் அந்த முடிக்குள் காற்று தங்கினால்தான் அதற்குச் சூடு. ஒரு விரல் கனத்துக்கு முடி இருந்தால் ஓரளவு தாங்கும். ஒட்ட வெட்டிய சின்ன பூடில் பனியில் நிற்பதும் நாம் பனியனோடு நிற்பதும் ஒன்று.

மருந்துக்கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். அவருடைய பூடிலின் பெயர் சுருட்டை. பத்து வயது, எடை ஐந்தரை கிலோ. அந்த வருடம் குளிர் தொடங்கிய முதல் வாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒட்ட எடுத்துடுங்கம்மா. சீவி முடியல."

"குளிர் வரப் போகுது சார். அது எப்படித் தாங்கும்?"

"ஆட்டு முடி மாதிரிதானே இருக்கு, தாங்கும்னு நினைச்சேன்."

"ஆடு தாங்கும். வெட்டின ஆடு தாங்குமா?"

அவர் விடவில்லை. அவள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். வெட்டி முடித்ததும் சீட்டின் பின்புறத்தில் எதையோ எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, அவர் கையில் திணித்தாள்.

இரண்டரை மாதம் கழித்து மறுபடி வந்தார். வெளியே வாளித் தண்ணீர் மேலே ஏடு கட்டி உறைந்திருந்த காலை அது. சுருட்டை சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தது. அப்படியும் நடுங்கிக்கொண்டிருந்தது. மேசையில் நிறுத்தி ஸ்வெட்டரைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. கத்தரித்து எடுத்தாள். உள்ளே முடி முடியாக இல்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே துண்டாக, தட்டையாக, ஈர நாற்றத்தோடு ஒரு கம்பளி ஒட்டிக்கிடந்தது.

"எத்தனை நாளா இது உடம்புல கிடக்கு?" குரல் தாழ்ந்துவிட்டது. முன்னால் தம்பி பேனாவை வைத்தான்.

"போன தடவை வந்துட்டுப் போனதுலேர்ந்து."

"நடுவுல கழட்டவே இல்லையா?"

"குளிப்பாட்டறப்ப கழட்டினேன். ரெண்டு தடவை. முழுசாக் காயறதுக்குள்ள மாட்டிட்டேன், குளிருமேன்னு."

"சீவினீங்களா?"

"கழட்டினாத்தானேம்மா சீவ முடியும்."

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கற ஆளு நீங்க. வாயில்லாத ஒண்ணை இப்படி மூட்டையாக் கட்டி வெச்சிருக்கீங்க. எந்த அறிவாளி சார் உங்களுக்குக் கழட்டக் கூடாதுன்னு சொன்னது?"

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து மேசையில் விரித்தார். 'ஸ்வெட்டர் போடவும். குளிர் முடியும்வரை கழற்றக் கூடாது.' அடியில் இரண்டு கோடு.

"சீட்டுல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யுங்க, உங்க சொந்த யோசனையைக் கலக்காதீங்கன்னு தினமும் நூறு பேர்கிட்ட சொல்றேன். நானே மீறலாமா?"

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா கையெழுத்துதான் சார். கோபத்துல எழுதினா பேப்பர் கிழியற மாதிரி அழுத்துவா."

"நீ வாயை மூடுடா."

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூடு, ஈரம், உரசல். முடியைக் கம்பளியாக்க இந்த மூன்றும் போதும் என்பது அந்தத் தெருவில் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? பதினொரு வருடம் கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலை. அதே வேலையைச் சுருட்டையின் உடம்பில் செய்யச் சொல்லித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்து, கோடும் போட்டிருக்கிறாள். இவ்வளவு நேரம் அந்த மனிதரை நிற்க வைத்துத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் தனக்குரியது என்று தெரிந்தபோது கோபம் குறையவில்லை. போவதற்கு இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது.

எப்படியாவது முடியைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று பார்த்தாள். அகலப் பல் சீப்பை எடுத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. நாய் மூன்று தடவை காலை இழுத்துக்கொண்டால் சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். முன்னங்கால் அக்குளுக்குச் சீப்பு வந்ததும் சுருட்டை ஒரு தடவை இழுத்தது. திரும்பவும் இழுத்தது. மூன்றாவது தடவை இழுக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டை வாயால் கவ்வி, கடிக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

சீப்பை ஆணியில் மாட்டினாள்.

"எடுத்துட வேண்டியதுதான்."

"மறுபடியும் ஒட்டவா? இந்தக் குளிர்லயா?" என்றார் அவர். "போன தடவையைவிட இப்பத்தானேம்மா கடுங்குளிர்."

"இதை வெச்சிருந்தும் நடுங்குதே சார். இதுக்குள்ள காத்து இல்ல, தண்ணிதான் இருக்கு." முடி வெட்டும் மெஷினில் பிளேடை மாட்டிக்கொண்டே, அதைப் பார்த்துச் சொன்னாள்: "எழுதினவளைத்தான் சொல்லணும்."

கம்பளி ஒரே துண்டாக, கை வைக்காத சட்டை போலக் கழன்று வந்தது. உள்ளே வெளிர் சிவப்புத் தோல், இரண்டு அக்குளிலும் புண். தலையிலும் கால்களிலும் சீவ முடிந்த முடியையெல்லாம் விட்டுவைத்தாள்.

"பேண்ட் போட்டுட்டுச் சட்டையை மறந்துட்டு வந்த ஆளு மாதிரி இருக்கான்," என்றான் தம்பி.

அவள் அந்தக் கம்பளித் துண்டை அலசிக் காயவைத்து, பதினாறு சீப்புகளுக்குப் பக்கத்தில் பதினேழாவது ஆணி அடித்து மாட்டியது பிறகு. அன்றைக்கு முதலில், வழுவழுப்பான உள்துணி வைத்த நாய்க் கோட்டு ஒன்றைச் சுருட்டைக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதினாள். வெளியே போகும்போது மட்டும் கோட்டு. வீட்டுக்குள் வந்ததும் கழற்றவும். நனைந்தால் உடனே கழற்றி, நாயும் கோட்டும் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டவும். முடி வளரத் தொடங்கியதும் காலையும் இரவும் தோல் வரை சீப்பு. நடுங்கினாலோ காலைத் தூக்கிக்கொண்டு நின்றாலோ உடனே வீடு திரும்பவும்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "தேதி போடலையே."

"என்ன தேதி?"

"எதுவரைக்கும்னு. போன சீட்டுலயும் இல்ல. எங்க கடையில தேதி இல்லாம ஒரு மாத்திரை வெளிய போகாதும்மா."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தி, ஆறு வாரம் கழித்து வரும் தேதியைப் போட்டாள்.

அந்த ஆறு வாரமும் சாயங்காலம் கடையைப் பூட்டியதும் நேராக மருந்துக்கடைக்குப் போனாள். இருமலுக்கு மருந்து வாங்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, அலமாரிக்குக் கீழே படுத்திருக்கும் சுருட்டையின் அக்குளைத் தடவுவாள். புண் ஆறியது. முடி அரிசி நீளத்துக்கு வந்து, பிறகு சுருளத் தொடங்கியது. காது நுனி சில்லென்று இருந்தால் அவருக்கு அர்ச்சனை நடக்கும்.

"இன்னைக்கு என்ன குத்தம்?" என்று அவரே கேட்கப் பழகிவிட்டார்.

சொன்ன தேதியில் வந்தார். சுருட்டை நடுங்காமல் மேசையில் நின்றது. பிடரியில் இறங்கிய சீப்பு எங்கும் நிற்காமல் வால் வரை போனது. தம்பி மூச்சு விட்டான். அப்போது அவளுடைய விரல் இடது அக்குளில் நின்றது. பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு.

"இது என்ன சார்?" குரல் தாழ்ந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "காலையில சீவினேன், சீப்பு தட்டலையே. நேத்து சாயங்காலம் நீங்களும் பார்த்தீங்களேம்மா."

அவள் மெல்லிய சீப்பை எடுத்தாள். முடிச்சைத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இழுபடாமல், நுனியிலிருந்து ஒவ்வோர் இழையாகப் பிரித்தாள். அரை மணி நேரம் ஆனது. சுருட்டை ஒரு தடவைகூடக் காலை இழுக்கவில்லை.

பிறகு அடுத்த சீட்டை எடுத்தாள். முதலில் தேதியைப் போட்டாள்.