தொட்டியின் மறுபாதி

போன மழைக்காலம். கிழக்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்குப் பிடித்த கிறுக்கு, மீன் வளர்ப்பது. இரண்டு ஆண் ஃபைட்டர் மீன்கள் வாங்கி வந்தார். ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிவிடும் என்று, இருந்த சின்னத் தொட்டியையே நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்துத் தடுத்தார். தகடு தெளிவாக இருந்ததால் இரண்டும் நாள் முழுக்க முறைத்துக்கொண்டே நின்றன. "திங்கக்கூட விடாம இதென்ன வேடிக்கை?" என்று கத்தினேன். மறுநாளே கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் அட்டை ஒன்றை வெட்டித் தகட்டோடு சொருகினார். சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் அதை உருவுவார். இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்து வரும். "சீக்கிரம் வா, நீயும் நானும் சண்டை போடுறோம்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்.

அவர் போனபின் சிவப்பு மீனும் செத்தது. நீலம் மட்டும் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. போட்ட தீனி அப்படியே மிதந்து ஊறியது. அட்டையை உருவினால் தடுப்பருகே வந்து, காலியான பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இதுவும் போனால் அவர் கைபட்டு வளர்ந்த உயிர் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சாதே என்று பயந்தேன்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் மகளிடம் ஃபோனில் அழுதேன். "அதுக்கு எதிர்ல ஆள் வேணும்மா. உன் மொகம் பாக்குற கண்ணாடிய எடுத்துக் காட்டு. கொஞ்ச நேரம் போதும்" என்றாள்.

என் கண்ணாடி பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அவருடைய காரியத்தன்று பொட்டை எடுத்தபிறகு நான் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. தலை வாருவதுகூடத் தடவித்தான். எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் எப்போதோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருந்தன.

தொட்டியருகே பிடித்தேன். நீலம் மெல்ல வந்து நின்றது. சட்டென்று செவுளை விரித்துச் சிலிர்த்தது. "வாடா ராஜா!" என்று கத்தியேவிட்டேன். பிறகு போட்ட தீனியை ஒன்றுவிடாமல் தின்றது.

கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். கண்கள் குழிவிழுந்து, வெறும் நெற்றியோடு ஒருத்தி தெரிந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆசைதீர அழுதேன். அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு பொட்டை உரித்து ஒட்டிக்கொண்டேன்.

அவருக்காக அழுவதாக நினைத்து என்னையே பீரோவில் பூட்டி வைத்திருந்தேன் என்பது, ஒரு மீனைப் பிழைக்கவைக்கப் போய்த்தான் எனக்குப் புரிந்தது. இன்றும் சாயங்காலமானால் கண்ணாடியை எடுக்கிறேன், முதலில் அதற்கு, பிறகு எனக்கு.